அறுபது பாத்தி உப்பு

அன்றைக்கு உப்பளத்தில் இருந்தவர்கள்:

ராஜதுரை, அளத்தின் முதலாளி. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, புது ஷூ.

ஜெபசீலன், கணக்குப்பிள்ளை. முதலாளி இருமினால் இவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

டாக்டர் சுஜிதா. வெயிலில் வேலை செய்கிறவர்களின் நிலைமையை எழுதிப் போக மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர். கையில் ஒரு படிவம், வெயிலை அளக்கும் ஒரு சின்னக் கருவி.

அவருடைய ஜீப் டிரைவர். பெயரை யாரும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சுடலைமாடத்தி. வயது அறுபது. அதில் நாற்பத்தைந்து வருஷம் உப்புக்குள்.

ஷீஜா. காலையில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உப்பு வாரும் பலகையைத் தூக்குகிறவள்.

இன்னும் ஒன்பது பெண்கள்.

அருணாசலவடிவு. எல்லோருக்கும் வடிவு.

வடிவின் தங்கை பிரேமா இல்லை. போன வைகாசி வரைக்கும் இருந்தாள்.

பன்னிரண்டு பெண்களும் அதிகாலை மூன்று மணிக்கு வந்து, பத்து மணிக்கு முடித்து, வீட்டுக்குப் போய்விட்டவர்கள்தான். பன்னிரண்டரைக்கு லோடு ஆட்டோவை அனுப்பித் திரும்பக் கூட்டி வந்தார்கள். எதற்கென்றால், உச்சி வெயிலில் அவர்களை யாரும் வேலை வாங்குவதில்லை என்று டாக்டருக்குக் காட்ட. இதற்காகவே போன மாசம் கட்டிய ஓய்வறை ஒன்று அளத்தின் நடுமேட்டில் நின்றது. நாலு சுவர், ஒரு ஜன்னல், இரும்புக் கதவு, மேலே தகரம். வெளிச்சுவரில் நேற்று எழுதியது: ‘காலை 11 முதல் மாலை 4 வரை வேலை இல்லை.’ பெயிண்ட் இன்னும் காயவில்லை. பெண்கள் உள்ளே வரிசையாக உட்கார்ந்து ஓய்வு எடுத்துக் காட்டினார்கள்.

“நம்ம அளத்துல இது அண்ணாச்சியோட கண்டிப்பு மேடம்,” என்றார் ஜெபசீலன். “பதினோரு மணிக்கு மேல ஒரு ஆள் பாத்தியில எறங்கக் கூடாது.”

டாக்டர் படிவத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வியைப் படித்தார். “இங்க வெயிலால யாராவது எறந்திருக்காங்களா?”

“இல்ல மேடம். மாரடைப்பு ஒண்ணு, போன வருஷம். அது அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்தது.”

வடிவு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே இருந்தது. முப்பத்தேழு வயதில், தலையில் நாற்பது கிலோ உப்போடு வரப்பில் ஓடுகிறவளுக்கு ஏற்கெனவே என்ன இருந்திருக்கும்?

போன வருஷம் நடந்தது இது. இதே மாசம், இதே போல பத்து மணிக்கு வேலை முடிந்து போயிருந்தார்கள். பிரேமா உலையில் அரிசி போட்டிருந்தாள். ஒரு மணிக்கு லோடு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. கயத்தாறு பக்கம் மேகம் கட்டுகிறது, ஓடி வாருங்கள் என்றார்கள். உப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மழை என்று ஒரு குரல் கேட்டுவிட்டால், யார் அளம், என்ன கூலி, சாப்பிட்டாயா என்றெல்லாம் நிற்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பாத்தியில் கிடக்கும் உப்பை வாரி மேட்டில் ஏற்ற வேண்டும், குவித்து வைத்த உப்பு அம்பாரங்களைத் தென்னங்கீற்றால் மூட வேண்டும். அந்த நேரத்தில் உட்காருகிறவளை அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

பிரேமா உட்கார்ந்தாள். வரப்பில் உட்கார்ந்து, “யக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது,” என்றாள். மூன்று பாத்தி தள்ளி நின்ற வடிவு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எந்திரிளா. எல்லாரும் வாரும்போது ஒனக்கு மட்டும் என்ன?” என்றாள். பிரேமா எழுந்தாள். அக்கா சொன்னால் எழுகிறவள்.

பிறகு வடிவையும் மற்றவர்களையும் கடைசி அம்பாரத்துக்குக் கீற்று கட்ட அனுப்பினார்கள். பிரேமா மட்டும் பாத்தியில் நின்றாள். கட்டி முடித்துத் திரும்பி வந்தபோது பிரேமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “இப்பத்தான் விழுந்தா,” என்றார் ஜெபசீலன். தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. காகிதத்தில் மாரடைப்பு என்று வந்தது.

அன்றைக்கு மழை பெய்யவே இல்லை. மேகம் தலைக்கு மேலேயே வந்து, கடலைப் பார்க்கப் போய்விட்டது.

இதை வடிவு ஒரு வருஷமாகத் தினமும் மூன்று மணிக்கு, பலகையைத் தூக்கும்போது நினைப்பாள். அழுகை வராது. ராஜதுரையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். வெயில் என்ற வார்த்தை. நாலு பேர் முன்னால் வர வேண்டும். எழுத்தில் ஏற வேண்டும். அதற்காகத்தான் வேறு அளம் தேடாமல், அதே முதலாளியிடம் அதே கூலிக்கு அதே பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்றேமுக்காலுக்குக் காற்று நின்றது.

வேலைக்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேற்கே பார்த்தார்கள். கயத்தாறு பக்கம் வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் கறுத்திருந்தது. இடி ஒன்று, தூரத்தில், வண்டி பாலம் ஏறுகிற மாதிரி உருண்டது.

ராஜதுரை கண்ணாடியைக் கழற்றினார். அறுபது பாத்தி உப்பு விளைந்து கிடந்தது. கல் பருமனாக வரட்டும் என்று பதினாறு நாளாக வாராமல் விட்டிருந்தார். போதாததற்கு நாளைக்கு லாரி வருகிறதென்று இரண்டு அம்பாரத்துக்கும் கீற்றைப் பிரித்தாயிற்று. இந்தச் சீசனின் மொத்த உப்பும் அதுதான். சித்திரையில் இரண்டு மழை வந்து இரண்டு முறையும் பாத்தியைக் கழுவிவிட்டது.

“எந்திரிங்க, எந்திரிங்க. பலகைய எடுங்க,” என்று கத்தினார் ஜெபசீலன்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். யோசித்து எழுவதல்ல அது. கால் தானாக எழும்.

“உக்காருங்களா,” என்றாள் வடிவு.

அவள் மட்டும் எழவில்லை.

ராஜதுரை வாசலில் வந்து நின்றார். “என்ன வடிவு, வெளையாட்டா?”

“இல்ல அண்ணாச்சி. மணி ரெண்டு ஆகல. செவுத்துல என்ன எழுதிப் போட்டிருக்கீங்கன்னு படிச்சுப் பாருங்க. தள்ளி நின்னு படிங்க, பெயிண்ட் சட்டையில ஒட்டும்.”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“மேடம்,” என்று ராஜதுரை டாக்டர் பக்கம் திரும்பினார். “இது அவசரம். உப்புத் தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மழைன்னு வந்துட்டா நேரம் காலம் பாக்க முடியாது.”

டாக்டர் கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளே இழுத்துப் பார்த்தார். “நாப்பத்தொண்ணு. இந்தப் புழுக்கத்தையும் சேத்தா ஒடம்புக்கு அம்பதுக்கு மேல தெரியும். இவங்கள எறக்காதீங்கன்னு தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல சார். எறக்கினா எழுதாம போறதுக்கும் அதிகாரம் இல்ல.”

“எழுதுங்க டாக்டரம்மா,” என்றாள் வடிவு. “ஆனா மொதல்ல பழசை எழுதுங்க. போன வருஷம் செத்தது என் தங்கச்சி. அவளுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. வெயில்ல செத்தா. அதை இவரு வாயால சொல்லணும்.”

“கிறுக்குப் பிடிச்சிட்டா இவளுக்கு,” என்றார் ஜெபசீலன்.

சுடலைமாடத்தி பலகையை ஊன்றிக்கொண்டு வடிவின் முன்னால் வந்து நின்றாள். “ஏளா, கூறுகெட்டுப் பேசாத. உப்பு போனா அவருக்கு மட்டுமா போவுது? மார்கழி வெள்ளத்துல அளம் முழுக்கச் சகதி. மூணு மாசம் களிமண்ணுதானே அள்ளுனோம்? அதுக்குப் பொறவு ஒரு சீசன் ஒழுங்கா உண்டா? இன்னைக்கு இது கரைஞ்சா நாளைக்கு நமக்கு வேல இல்ல.”

“இல்லதான் சித்தி.”

“அப்பறம் என்னத்தத் திங்க?”

“எனக்குத் தெரியல. இன்னைக்கு அதைப் பத்தி யோசிக்கல.”

சுடலைமாடத்தி பலகையைக் கை மாற்றிப் பிடித்தாள். பிழைப்பைச் சொல்லி வழிக்குக் கொண்டுவர முடியாத ஆளிடம் என்ன பேசுவது?

மறுபடி இடி. இப்போது கிட்டத்தில். ராஜதுரைக்கு நெற்றி முழுக்க வேர்வை. வானத்தைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். பெண்கள் உட்காரவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

“நான் என்ன பண்ணட்டும்ங்க?” அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. “வானத்த நானா கெடுத்தேன்? சித்திரையில மழை கொட்டுது. மார்கழியில ஊரே முங்குது. ராத்திரிகூடச் சூடு எறங்க மாட்டேங்குது. எங்கப்பா தை மாசம் எறங்கினா புரட்டாசி வரை கண்ண மூடிக்கிட்டு உப்பு எடுத்தாரு. எனக்கு வருஷத்துல நாலு மாசம் சேந்தாப்புல கெடைக்கல. நான் யார்ட்டப் போய்ச் சண்டை போட?”

“வானத்த நீரு கெடுக்கல,” என்றாள் வடிவு. ‘நீங்க’ போய் ‘நீரு’ வந்துவிட்டது. “கெட்ட வானத்தத் தூக்கி எங்க தலையில ஏத்தினீரு. அதத்தான் கேக்கேன். பத்து மணிக்கு வீட்டுக்குப் போனவள ஒரு மணிக்குத் திரும்பக் கூட்டி வந்தது வானமா? ஒரு கொடம் தண்ணி வைக்காதது வானமா? சொல்லும். சொன்னா எழுதிக்கிட்டு டாக்டரம்மா போயிருவாங்க. பொறவு உப்பப் பத்திப் பேசுவோம்.”

ராஜதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியாபாரி. அரை மணி நேரத்துக்கும் அறுபது பாத்திக்கும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார். இந்தப் பெண்களுக்கு வேண்டியது ஒரு வார்த்தை. வார்த்தைக்கு என்ன, பிறகு வக்கீலை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

“எழுதிக்கோங்க மேடம்,” என்றார். “வெயில்தான். போன வருஷம் மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல வேலை வாங்கினேன், அந்தப் பிள்ள மயங்கி விழுந்து செத்துச்சு. ஆஸ்பத்திரியில நெஞ்சுவலின்னு சொல்லச் சொன்னதும் நான்தான். வெயில்னு எழுதினா அளத்த மூடிருவாங்கன்னு பயம். போதுமா?”

டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “விழுந்து எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனீங்க?” என்று கேட்டார். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

ராஜதுரை கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். முதலாளி எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறார் என்று ஜெபசீலனுக்குப் பட்டிருக்க வேண்டும். எல்லாம் தன் தலையில் வந்து விடியுமோ என்றும் பட்டிருக்கும்.

“நாப்பது நிமிஷம் மேடம்,” என்றார். “நான் ஒடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டுட்டேன். ஆட்டோவுல கீத்து ஏத்தியிருந்தது. மொதல்ல கீத்தக் கடைசி அம்பாரத்துல எறக்கு, பொறவு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அண்ணாச்சிதான் சொன்னாங்க.”

“கடைசி அம்பாரமா?” என்றாள் வடிவு.

“நீ நின்ன அம்பாரந்தான். ஒன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க. சொன்னா நீ போட்டது போட்டபடி வருவ, ஒன் பின்னாலயே எல்லாரும் வந்துருவாங்க, மூடாம போயிரும்னு.”

தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

வடிவு தன் கைகளைப் பார்த்தாள். ஆட்டோ வந்து நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கீற்றைத் தள்ளிவிட்டான். அவள் வாங்கி அடுக்கினாள். காற்றில் பறக்கக் கூடாதென்று ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நல்லா கட்டுதே வடிவு என்று இதே ஜெபசீலன் சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நிமிஷம். தங்கச்சி வெறும் வரப்பில் கிடந்த நாற்பது நிமிஷமும் இவள் முதலாளியின் உப்புக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் படிவத்தை நீட்டினார். ராஜதுரை கையெழுத்துப் போட்டார். ஜெபசீலன் சாட்சிக்குப் போட்டார். தூங்கி எழுந்த டிரைவர், மண்பாதை நனைந்தால் ஜீப் ஏறாது மேடம் என்று வந்து நின்றார். டாக்டர் காகிதத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. உங்க வாக்குமூலமும் வேணும்,” என்று வடிவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் ரோட்டைத் தொடுகிறவரை ராஜதுரை பொறுத்திருந்தார்.

“கேட்டதச் செஞ்சாச்சு. பலகைய எடுங்க.”

வடிவு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரி வடிவு. பேச்சு பேச்சா இருக்கணும்.”

“பேசுவோம்னுதான் சொன்னேன். பேசியாச்சு. வரல.”

“ஒனக்கு வேண்டியது வெயிலுங்கிற வார்த்தைதானளா? சொன்னேனே?”

“அது ரெண்டு மணி வரைக்கும் வேண்டியது. இப்ப எனக்கு அறுபது பாத்தியும் வேணும்.”

ராஜதுரை மற்றவர்கள் பக்கம் திரும்பினார். இரட்டைக் கூலி என்றார். சுடலைமாடத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நீங்க பழைய ஆளு, இவளுக்குப் புத்தி சொல்லுங்க என்றார். சுடலைமாடத்தி பலகையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். வாசலை நோக்கி ஓர் அடி வைத்தாள். நின்றாள்.

“நாப்பது நிமிசமாவா போட்டிருந்தீக?” என்று கேட்டாள்.

ராஜதுரை வானத்தைப் பார்த்தார். அவள் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

ராஜதுரை கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். ஜெபசீலனும் பின்னால் ஓடினார். இரண்டு பேரும் தார்ப்பாய் ஒன்றை இழுத்துப் போய் முதல் அம்பாரத்தின் மேல் போடப் பார்த்தார்கள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. அது ஆறு பேர் வேலை. பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

“காத்துக்கு எதிர்ல நின்னு போடுதான் பாரு,” என்றாள் ஒருத்தி.

“அவரு அளந்தான. இன்னைக்காவது எறங்கிப் பாக்கட்டும்.”

முதல் துளிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. ஜெபசீலன் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. முதலாளி ஏதோ கத்தினார், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் மழை முழுசாக வந்தது. ராஜதுரை தார்ப்பாயை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். புது ஷூவோடு. பலகை பிடிக்கத் தெரியாது. வாரிய உப்பு மேட்டுக்கு ஏறாமல் பக்கத்துப் பாத்திக்குச் சரிந்தது. ஷூ வழுக்கி இரண்டு முறை விழுந்தார். அறுபதில் முதல் பாத்தியின் கால்வாசியை வாரியிருப்பார். அதற்குள் மற்ற பாத்திகளில் வெள்ளை சாம்பலாகி, சாம்பல் தண்ணீராகிக்கொண்டிருந்தது. அம்பாரங்களின் ஓரத்தில் மழை விரல் விட்டுத் தோண்டியது.

வெளிச்சம் ஒன்று கண்ணைப் பறித்தது. சத்தமும் கூடவே வந்தது. இடி பக்கத்து அளத்து மின்கம்பத்தில் இறங்கியிருந்தது. கம்பத்தின் தலையில் பொறி பறந்தது. ராஜதுரை குனிந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து மறுபடியும் வாரினார்.

“மைனி,” என்றாள் ஷீஜா வடிவிடம். “அந்த வெட்டவெளியில நிக்கது அவரு ஒருத்தர்தான். அடுத்தது அவரு மேலதான் விழும்.”

“விழட்டும்,” என்று யாரோ சொன்னார்கள்.

வடிவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. விழட்டும். நாளைக்குக் காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதிக்கொள்ளட்டும். கொஞ்ச நேரம் அந்த நினைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிடிக்கவில்லை. இரக்கம் வந்து அல்ல. ஒரு நொடியில் முடிந்துவிடும். மிச்ச உப்பு கரைவதை அவர் பார்க்க மாட்டார்.

அவள் எழுந்து மழைக்குள் இறங்கினாள். வரப்பு அவள் காலுக்குத் தெரியும். பாத்தியில் நின்ற ராஜதுரையின் சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவர் உதறினார். வயது ஐம்பத்தைந்து, உட்கார்ந்தே இருந்த உடம்பு. அவள் முப்பது வருஷம் சுமை தூக்கியவள். பலகையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு, வரப்பு வழியே அவரை இழுத்து வந்தாள். பாதி வழியில் அவர் திமிறுவதை நிறுத்திவிட்டு நடந்தார்.

ஓய்வறை வாசலில் வந்ததும் திரும்பி அம்பாரத்தைப் பார்த்தார். “ஒண்ணையாவது மூடிரலாம் வடிவு,” என்றார். “ரெண்டுல ஒண்ணு. பன்னெண்டு பேர் இருக்கீங்க. பத்து நிமிஷம்.”

“உள்ள போரும்.”

“என்னைய என்ன செய்யப் போற?”

“ஒண்ணும் செய்ய மாட்டேன். ஜன்னல் பக்கம் எடம் விட்டிருக்கு. உக்காந்து பாரும்.”

சுடலைமாடத்தி நகர்ந்து உட்கார்ந்து ஜன்னலைக் காட்டினாள். பதினோரு பெண்களும் அவரையே பார்த்தார்கள். ராஜதுரை படியேறி உள்ளே போனார். பின்னாலேயே வடிவும் நுழைந்து, இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கக் கொண்டியை மாட்டி, அதில் தொங்கிய பூட்டைப் போட்டாள்.